வானத்துக் கல்லும் கடற்கரைக் கணக்கும்

1

2004 டிசம்பர் 23 முதல் 27 வரையான ஐந்து நாட்கள் வானியல் வரலாற்றில் தனித்துக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆண்டு ஜூனில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு தவறவிடப்பட்டு, டிசம்பரில் மீண்டும் அகப்பட்ட ஒரு சிறுகோள் 2029 ஏப்ரல் 13இல் பூமியில் மோதக்கூடும் என்று கணக்கு சொன்னது. அப்போது அதற்கு 2004 எம்என்4 என்று பெயர்; பிற்பாடு வைக்கப்பட்ட பெயர் அபோஃபிஸ். நாளுக்கு நாள் நிகழ்தகவு ஏறியது. டிசம்பர் 27 அன்று அது 2.7 சதவீதம், அதாவது 37இல் ஒன்று. மோதல் இடரைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை தரம்பிரிக்கிற டொரினோ அளவுகோலில் அது நான்கைத் தொட்டது. அதற்கு முன்னும் பின்னும் வேறெந்தக் கல்லும் அந்தப் படியை எட்டியதில்லை.

அந்த ஐந்து நாட்களுக்கு நடுவில்தான் டிசம்பர் 26 வருகிறது. கொளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி என்று எங்கள் கரையில் நூற்றுக்கணக்கானோரைக் கடல் கொண்டுபோன நாள். சுமத்ராவுக்கு அருகில் நிலம் நடுங்கியது இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்கு. ஹவாயிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால்மணி நேரத்தில் நிலநடுக்கத்தை அறிந்துவிட்டது. அலை நம் கரைக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்று அன்று கிடையாது. யாரிடம் சொல்வது என்று அவர்களுக்கும் தெரியாது; யாரிடம் கேட்பது என்று நமக்கும் தெரியாது.

இருபத்தைந்து ஆண்டு தள்ளி வரக்கூடிய ஒரு கல்லைப் பற்றி நாள்தோறும் திருத்தப்பட்ட எண் உலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்தில் வரப்போகிற அலையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. நான் இனயத்துக்காரன். இந்த முரணை வெறும் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. எனவே இக்கட்டுரை இரண்டு காரியங்களைச் செய்ய முயல்கிறது. ஒன்று, வானத்துக் கற்களை எப்படிப் பின்தொடர்கிறார்கள் என்பதை விளக்குவது. இரண்டு, எச்சரிக்கை என்கிற அறிவு யாரை நோக்கிப் பேசுகிறது என்று கேட்பது.

2

வானத்திலிருந்து சேதி வருவது நமக்குப் புதிதல்ல. எரிமீன் வீழ்ந்ததைப் பார்த்த ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததைக் கூடலூர் கிழார் புறநானூற்றில் பதிவு செய்கிறார். கவனிக்கத்தக்கது என்னவெனில், அங்கே வானம் பேசுவது அரசனைப் பற்றி. மீனவனின் சாவுக்காகவோ உழவனின் சாவுக்காகவோ மீன் விழுந்ததாக எந்த மரபும் சொல்லவில்லை. வால்வெள்ளியைத் தூமகேது என்று அஞ்சியதும் அரச கேடு, நாட்டுக் கேடு என்ற பொருளில்தான். எங்கள் கடற்கரையில் நட்சத்திரத்துக்கு வெள்ளி என்று பேர். வெள்ளி பார்த்து நேரம் அறிவதும் திசை அறிவதும் தொழிலறிவு. நிமித்தம் பார்ப்பது அரண்மனைக் காரியம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நவீன வானியல் தமிழ்நாட்டுக்கு வந்ததும் அதிகாரத்தின் வழியாகத்தான். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னையில் அமைத்த வானாய்வகம் கப்பலோட்டத்துக்கும் நில அளவைக்கும் தேவையான காலத்தையும் இடத்தையும் கணிப்பதற்கானது. 1861இல் அங்கே பொறுப்பேற்ற போக்சன் அதே ஆண்டில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஏசியா என்றே பெயர். பின்னர் சாஃபோ, சில்வியா, கமிலா, 1885இல் வேரா. அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறுவிண்மீனைக் கண்டறிந்தவர். 1874இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது அதை விளக்கித் தமிழில் ஒரு சிறுநூல் எழுதினார். அறிவியலைத் தமிழில் எழுதுவது இயலுமா என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1872இல் நடந்தது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பீலா என்ற வால்வெள்ளி 1846இல் இரண்டாக உடைந்து, 1852க்குப் பிறகு காணாமல் போயிருந்தது. 1872 நவம்பர் 27 இரவு, அது வரவேண்டிய பாதையைப் பூமி கடந்தபோது வானத்திலிருந்து எரிமீன்கள் மழையாகக் கொட்டின. ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபியூஸ் சென்னைக்குத் தந்தி அனுப்பினார்: பீலா பூமியைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, தெற்கு வானத்தில் இன்ன விண்மீனுக்கு அருகே தேடுங்கள் என்று. போக்சன் டிசம்பர் 2, 3 தேதிகளில் ஒரு வால்வெள்ளியைப் பார்த்தார். அது பீலா அல்ல என்று பிறகு கணக்குகள் காட்டின. ஆனால் பூமியை உரசிப்போகும் பொருளைப் பற்றி ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு அவசரச் செய்தி போய், அங்கிருந்தவர் வானத்தைத் தேடிப் பதில் சொன்னார் என்பது முக்கியம். இன்றைய எச்சரிக்கை வலையின் முன்வடிவம் நம் நுங்கம்பாக்கத்தில் இருந்திருக்கிறது.

வேராவுக்குப் பிறகு நூறாண்டு இடைவெளி. 1988 பிப்ரவரி 17இல் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்திலிருந்து ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண்ணும் இராமானுஜன் என்ற பெயரும் பெற்றது அது. தேடலுக்கு வைத்திருந்த பெயர் கல்கித் திட்டம். பெயர்கள் அப்பாவித்தனமானவை அல்ல. கல்கி வருவது கலியை முடிக்க மட்டுமல்ல, குலைந்துபோன வருண ஒழுங்கை மீட்கவும்தான் என்று புராணம் சொல்கிறது. அபோஃபிஸ் எகிப்தியப் பழங்கதையில் சூரியனை விழுங்க வரும் பாம்பு. கல்லுக்குக் குணம் கிடையாது. பேரழிவை ஓர் அவதாரமாக, ஒரு தண்டனையாகப் படிக்கிற பழக்கம் பெயரின் வழியாக ஆய்வகத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. 2004இல் சுனாமியைக் கடவுளின் கோபம் என்று பேசியவர்களை நாம் கேட்டோம் அல்லவா? அந்தப் பேச்சின் நாகரிகமான உறவுக்காரன்தான் இது.

3

சரி, எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேர இடைவெளிகளில் மூன்று நான்கு முறை படமெடுக்கிறார்கள். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால் அது நம் குடும்பத்தைச் சேர்ந்தது: சிறுகோள் அல்லது வால்வெள்ளி. காவலூரில் புகைப்படத் தகடுகளில் செய்த வேலையை இன்று ஹவாய், அரிசோனா, சிலி, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலுள்ள தானியங்கித் தொலைநோக்கிகள் இரவுதோறும் செய்கின்றன. அந்தப் புள்ளியின் இடமும் நேரமும் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள சிறுகோள் மையத்துக்குப் போகின்றன. அங்கே அவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. தனியார் கருவி வைத்திருக்கிற ஆர்வலரும் தொடர்ந்து பார்த்துத் தன் அளவையை அனுப்பலாம். பாதையைக் கணிப்பது கலிஃபோர்னியாவில் ஒன்றும் இத்தாலியின் பீசாவில் ஒன்றுமாகத் தனித்தனிக் குழுக்கள். ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்க்கிறார்.

இதில் பெரிய குழப்பம் நிகழ்தகவைப் பற்றியது. முதலில் ஒரு சதவீதம், பிறகு இரண்டு, பிறகு மூன்று, திடீரென்று பூஜ்யம். 'விஞ்ஞானிகள் பயமுறுத்திவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அது தவறான வாசிப்பு. எங்கள் கரையை வைத்தே சொல்கிறேன்.

அந்தி இருட்டில் வெகுதூரத்தில் ஒரு வள்ளம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. கரைக்கு வருகிறது என்பது மட்டும் தெரியும். எங்கே ஏறும்? முட்டத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இனயத்தின் கரை ஒரு கிலோமீட்டர் என்றால் இனயத்தில் ஏறும் வாய்ப்பு 45இல் ஒன்று. சற்று நேரம் கழித்து வள்ளம் இன்னொரு முறை தெரிகிறது. இப்போது கொளச்சலுக்கும் நீரோடிக்கும் இடையில்தான் என்று சொல்ல முடிகிறது, 20 கிலோமீட்டர். இனயம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, ஆகவே வாய்ப்பு 20இல் ஒன்றாக ஏறிவிட்டது. வள்ளம் இனயத்தை நோக்கித் திரும்பவில்லை. நம் அறியாமைதான் சுருங்கியது. மூன்றாம் முறை பார்க்கிறபோது தேங்காப்பட்டணத்துக்கு மேற்கேதான் என்று தெளிவாகிறது. இனயத்தின் வாய்ப்பு பூஜ்யம். இடையில் கணக்கு ஏறியதும் சரி, கடைசியில் விழுந்ததும் சரி. எல்லாக் கட்டத்திலும் அது அன்றைக்குத் தெரிந்ததன் நேர்மையான அளவு. அபோஃபிஸுக்கு நடந்தது இதுதான். அதே ஆண்டு மார்ச்சில் எடுக்கப்பட்ட பழைய படங்களில் அது மங்கலாகப் பதிந்திருந்தது டிசம்பர் 27 அன்று கண்டறியப்பட்டது. 2029 மோதல் தள்ளுபடியானது. 2021 மார்ச்சில் ரேடார் கொண்டு அளந்தபின் அடுத்த நூறாண்டுக்கு ஆபத்தில்லை என்றாயிற்று.

கணக்கைக் கடினமாக்குகிற காரணங்களும் உண்டு. கல் தானாக ஒளிர்வதில்லை; கறுத்த பெரிய கல்லும் வெளுத்த சிறிய கல்லும் ஒரேயளவு வெளிச்சமாகத் தெரியும், ஆகவே அளவைச் சொல்வது கடினம். வெயிலில் காய்ந்த பக்கம் வெப்பத்தை வெளியிடும்போது கல் மெல்ல உந்தப்படுகிறது. யார்கோவ்ஸ்கி விளைவு என்பார்கள். நீவாடு வள்ளத்தை இழுப்பதுபோல, ஓரிரவில் தெரியாது, பல ஆண்டுகளில் பாதை மாறியிருக்கும். சூரியன் இருக்கிற பக்கம் தொலைநோக்கிக்குக் குருடு. சாயங்காலம் மேற்கே கடலைப் பார்த்தால் வெயில் பளபளப்பில் படகு தெரிகிறதா? 2013 பிப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த 20 மீட்டர்க் கல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. யாரும் பார்க்கவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் காயப்பட்டார்கள், பெரும்பாலும் உடைந்த கண்ணாடியால். நீள்பாதை வால்வெள்ளிகளோ இன்னும் தாமதமாகத்தான் தெரியும். 2013 ஜனவரியில் கண்டறியப்பட்ட ஒன்று 2014 அக்டோபரில் செவ்வாயை வெறும் 1,40,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. கிடைத்த அவகாசம் இரண்டு ஆண்டுகூட இல்லை.

ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட, பூமிக்கு அருகே வரக்கூடிய கற்களில் 95 சதவீதத்துக்கும் மேல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. 140 மீட்டருக்கு மேற்பட்டவை ஏறத்தாழ 25,000 இருக்கலாம் என்பது மதிப்பீடு. அவற்றில் பாதிக்கும் மேல் இன்னும் அகப்படவில்லை. நம் தலைமுறைக்குள் ஒன்று விழும் என்பதற்கான வாய்ப்பு மிகச் சிறியது. இதை மறைத்துப் பீதி கிளப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

4

2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள தொலைநோக்கியில் அகப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற கல், இந்த எச்சரிக்கை முறை எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டியது. மோதக்கூடிய தேதி 2032 டிசம்பர் 22. பத்து மீட்டருக்கு மேற்பட்ட கல், ஒரு சதவீதத்துக்கு மேற்பட்ட வாய்ப்பு என்றால் அறிவிக்க வேண்டும் என்று சர்வதேசச் சிறுகோள் எச்சரிக்கை வலையம் முன்கூட்டியே விதி செய்துவைத்திருந்தது. அதன்படி 2025 ஜனவரி 29 அன்று அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 18இல் 3.1 சதவீதம், பிப்ரவரி 24இல் 0.004. வள்ளத்தின் கதைதான்.

ஆனால் அந்த வாரங்களில் வெளியான வரைபடம் ஒன்று என்னை உறுத்தியது. மோதினால் எங்கே மோதும் என்பதைக் காட்டும் இடர்ப்பட்டை அது. கிழக்குப் பசிபிக், தென்னமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல், தெற்காசியா. அரபிக்கடல் என்பது வரைபடத்தில் ஒரு நீல வெற்றிடம். எங்களுக்கு அது அப்படியல்ல. தூத்தூர், வள்ளவிளை, இனயம் பகுதிகளின் ஆட்கள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிற இடம் அது. கல்லைப் பற்றிய சேதக் கணக்குகளில் மக்கள்தொகை என்றால் தரைமேல் வாழும் மக்கள்தொகை. 60 மீட்டர்க் கல் கடலுக்குமேல் வெடித்தால் 2004 போன்ற அலை எழாது, கரை பிழைத்துக்கொள்ளும் என்பது ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. வெடிப்புக்குக் கீழே படகிலிருக்கிறவன் அந்த வாக்கியத்தில் இல்லை.

உல்ரிச் பெக் 1986இல் இடர்ச் சமூகம் பற்றி எழுதியபோது, நவீன இடர்கள் வர்க்க எல்லைகளைத் தாண்டி எல்லோரையும் தொடும் என்ற திசையில் வாதிட்டார். கல் விழுவதைவிட 'எல்லோருக்குமான' இடர் வேறென்ன இருக்க முடியும்? இருந்தும் அதன் எச்சரிக்கை ஒவ்வொருவருக்கும் ஒரே தூரத்தில் இல்லை. 2017 நவம்பர் 29 இரவு ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு, 30 காலையில் ஒக்கிப் புயல். ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு அது சென்று சேர வழியே இருக்கவில்லை. குமரியிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. ஊரில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "ஆகாசத்துல கெடக்கிற கல்லுக்கு இருவது வருசத்துக்கு முன்னாலயே சேதி வருது மக்கா. கடல்ல கெடந்த நமக்கு ஒரு நாளைக்கு முன்னால வரல்ல."

ஒக்கிக்குப் பிறகு சில காரியங்கள் நடக்கவே செய்தன. 2007இலேயே ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. 2019இல் அதே நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்குச் செய்தி அனுப்பும் ஜெமினி கருவியை அறிமுகப்படுத்தியது. அது ஒருவழிக் கருவி. கரை பேசும், கடல் கேட்கும். கடலிலிருப்பவன் தான் பார்த்ததைத் திருப்பிச் சொல்ல வழியில்லை. சிறுகோள் முறையிலோ வீட்டு மாடியிலிருந்து பார்க்கிற ஆர்வலரின் அளவையும் கணக்கில் சேர்கிறது. காற்று, நீவாடு, நீரின் நிறம் பார்த்துக் கடலைப் படிக்கிற ஒருவரின் அவதானம் ஏன் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை? அறிவு/அதிகாரம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதெல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது.

5

கல் வருகிறது என்று உறுதியானால் என்ன செய்வது? 2022 செப்டம்பர் 26இல் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற 160 மீட்டர்ச் சிறுகோளில் மோதி, அது தன் பெரிய துணையைச் சுற்றும் நேரத்தை அரைமணிக்கும் சற்று மேலாகக் குறைத்தது. தள்ள முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. தள்ளுவதில் ஓர் அரசியல் இருக்கிறது. கல்லின் மோதுபுள்ளி இடர்ப்பட்டையின் மேல்தான் நகரும். பாதி தள்ளி நின்றுபோனால், ஒரு நாட்டின் தலையிலிருந்து இன்னொரு நாட்டின் தலைக்கு அது மாறியிருக்கும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைக் கருவி வைத்திருப்பவர்தானே தீர்மானிப்பார்? தள்ளத் தெரிந்தவனுக்குப் பூமியை நோக்கித் தள்ளவும் தெரியும் என்று கார்ல் சாகன் 1994இலேயே எச்சரித்தார். அதே தசாப்தத்தில் அமெரிக்க அணு ஆயுத ஆய்வகங்கள் இந்தக் கற்களைத் தங்களுக்கான புதிய வேலையாகப் பேசத் தொடங்கியிருந்தன.

இடரை நகர்த்துவது என்றால் என்ன என்று இனயத்துக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப்பெட்டக மாற்று முனையத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எங்கோ ஒரு மேசையில் வரைபடத்தின்மேல் ஒரு புள்ளி. கரை எதிர்த்தது. புள்ளி கோவளம்–மணக்குடிப் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் அதே கரை மக்கள், அதே எதிர்ப்பு. 'இங்கே வேண்டாம்' என்பதற்கும் 'இப்படித் தீர்மானிக்கக் கூடாது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அப்போது நாங்கள் கற்றுக்கொண்டோம்.

வானத்தின் பெயரால் பேசும் உரிமைக்கும் ஓர் உள்ளூர் உதாரணம் உண்டு. 2016 பிப்ரவரி 6இல் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் நடந்த வெடிப்பில் ஒருவர் இறந்தார். விண்கல் என்று அறிவித்தது மாநில அரசு. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் தரையில் நிகழ்ந்த வெடிப்புக்கே அடையாளம் தெரிகிறது என்றார்கள். குறிப்பாக யாரையும் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. விண்கல் என்றால் இரங்கலோடு முடியும். தரை வெடிப்பு என்றால் பொறுப்பு யாருக்கு என்று கேட்டாக வேண்டும். எதை இயற்கை என்று அழைக்கிறோம் என்பது எப்போதும் விளைவுகள் உள்ள காரியம்.

6

தொகுத்துக்கொள்வோம். சிறுகோள் கண்காணிப்பைப் பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு என்று நம் தோழர்கள் சிலர் தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நிகழ வாய்ப்பு மிகக் குறைந்த ஓர் இடருக்கு மனிதர்கள் மிக ஒழுங்கான ஓர் எச்சரிக்கை இலக்கணத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். அந்த இலக்கணத்தின் விதிகள் நான்கு. தரவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். தெரியாததன் அளவையும் எண்ணாகச் சொல்ல வேண்டும். எந்தப் புள்ளியில் அறிவிப்பது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மேலதிகாரியின் மனநிலைக்கு விடக் கூடாது. கணக்கு மாறினால் மாறியது என்று வெளியே சொல்ல வேண்டும். புயலுக்கும் கள்ளக்கடலுக்கும் அணுவுலைக்கும் மணல் ஆலைக்கும் இதே நான்கைக் கேட்பது நம் வேலை. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது: எச்சரிக்கை அரசாங்கத்தின் மேசையில் முடியக் கூடாது, படகுக்குள் அது ஏறியாக வேண்டும், படகிலிருந்து பதிலும் வந்தாக வேண்டும். புறநானூற்றுக் காலத்திலிருந்து அரசனைப் பார்த்தே பேசிக்கொண்டிருக்கிற வானத்தை நம் பக்கம் திருப்புவது என்றால் இதுதான்.

அபோஃபிஸ் நமக்கு மிக அருகே வருவது இந்திய நேரப்படி 2029 ஏப்ரல் 14, அதிகாலை மூன்றேகால் மணி. தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர், தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைவிட நெருக்கம். அன்றைக்குச் சித்திரை ஒன்று. பஞ்சாங்கக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் அதை என்ன செய்வார்கள் என்பதை இப்போதே ஊகிக்கலாம். மோதாது என்பதற்கான கணக்கையும், அந்தக் கணக்கு 37இல் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வந்த வழியையும், நம் ஊர் வாசகசாலைகளில், பங்குப் பள்ளிகளில், படகுத்துறைகளில் தமிழில் எடுத்துச் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது. ரகுநாதாச்சாரி 1874இல் அதைத்தான் செய்தார்.